எண்பத்தாறாம் ஆண்டு மே மாதத்துப் புல்

போன கிழமை பழைய வேலைத்தளத்துக்கு வந்திருந்தேன். கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருத்தி, இப்போது நாலு பேருக்குப் பொறுப்பாக நிற்பவள், என் பக்கத்தில் வந்து இருந்து குறைப்பட்டுக்கொண்டாள்.

“அங்கிள், புதுசா வந்திருக்கிற ஆளுக்கு எதைச் சொன்னாலும் ‘யா, யா’ எண்டு தலையாட்டுறார். போய்ப் பார்த்தால் சொன்னது ஒண்டும் நடந்திருக்காது. பொய் சொல்லுற ஆளோ?”

நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். கோப்பி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. ஆகவே எழுதுகிறேன். புல்லை எந்த உயரத்தில் வெட்டுவது, எந்த மாதத்தில் உரம் போடுவது என்பதெல்லாம் மூன்று வருட அவுஸ்பில்டுங்கில், அந்தத் தொழிற்பயிற்சியில், உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டின் கடைசியில், ஊரில் நடந்த இனக்கலவரத்துக்குப் பின், நான் இந்த நாட்டுக்கு வந்தேன். கிழக்கு பேர்லினில் விமானம் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்து, கைரேகை கொடுத்து, கடைசியில் மியூனிக்குக்கு வடக்கே, கார்ஹிங்குக்குக் கிட்ட ஒரு சின்ன ஊரில், மூடிக் கிடந்த விடுதியொன்றின் மேல்மாடியில் பதினொரு பேரோடு குடியேற்றப்பட்டேன். இரண்டு வருடம் வேலை செய்யக் கூடாது என்றது சட்டம். ஊரில் நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவன். கலியாணம் கட்டி நாலு மாதத்தில் மனைவியை விட்டுவிட்டு ஓடிவந்தவன். புல்லைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் அதை மாடு தின்னும் என்பதுதான்.

அந்த இரண்டு வருடத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட ஒரே ஜேர்மன் சொல் ‘யா’, அதாவது ஓம். கந்தோரில் எதையோ வாசித்தார்கள், யா என்றேன். கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தைக் காட்டினார்கள், யா என்றேன். பொலிஸ்காரன் ரயிலில் எதையோ கேட்டான், அதற்கும் யா. யா சொன்னால் முகங்கள் இளகின. வேறு எதைச் சொன்னாலும் இன்னொரு கேள்வி வந்தது. அந்த இன்னொரு கேள்விக்கு என்னிடம் சொற்கள் இருக்கவில்லை.

எண்பத்தாறு தொடக்கத்தில் வேலை அனுமதி கிடைத்தது. நாலு மாதத்துக்கு மட்டும். அதுவும் ஒரே ஒரு முதலாளியிடம் மட்டும் வேலை செய்யலாம் என்று முத்திரையில் எழுதியிருந்தது. அந்த முதலாளி ஒரு பெண். முப்பத்திரண்டு வயதிருக்கும். தகப்பனுடைய நாரியெலும்பு முறிந்துபோனதால் வீட்டுத் தோட்டங்களைப் பராமரிக்கும் அந்தச் சின்ன நிறுவனத்தை எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். நகரசபை சில்லறைக் காசுக்குத் தருகிற பொதுப்பணியாக, நகரப் பூங்காவில் நாங்கள் அகதிகள் இலை கூட்டிக்கொண்டு நின்றபோது என்னைப் பார்த்து, ஒரு ஆள் தேவைப்படுகிறது, வாறீர்களா என்று கேட்டவர். பெயர் சொல்லி அழைக்க எனக்கு வாய் வரவில்லை. ஷெஃபின் என்றே கூப்பிட்டேன். முதலாளியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்னை ‘நீங்கள்’ என்றார். அந்தக் காலத்தில் எங்களைக் கண்டவுடனே ‘நீ’ என்று தொடங்குகிறவர்கள்தான் அதிகம். முதல் நாளே எனக்கு அது காதில் விழுந்தது.

நாங்கள் மூன்று பேர். ஷெஃபின், நான், ஐம்பது தாண்டிய பவேரியத் தொழிலாளி ஒருவர். அவர் அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தாலும் அந்தப் பவேரியப் பேச்சில் பாதி எனக்கு விளங்காது.

மார்ச் மாதக் கடைசியில், எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் தோட்டத்துக்கு என்னைத் தனியே அனுப்பினார் ஷெஃபின். அவர் ஒரு பொறியியலாளர். இளம் மனைவி, இரண்டு வயதில் ஒரு பெண்குழந்தை. அவருடைய சிபாரிசில்தான் அந்தத் தெருவில் ஆறு வீடுகள் எங்களிடம் இருந்தன. வேலை, புல்தரையில் படர்ந்திருந்த பாசிக்கு இரும்புச்சத்து கலந்த மருந்துத் தூள் போடுவது. அது எவ்வளவு பொல்லாத தூள் என்று உங்களுக்குத் தெரியும். ஈரம் பட்டுக் கல்லில் ஒட்டினால் துருக்கறை பிடித்துவிடும். ஷெஃபின் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: முன்பக்கக் கற்தளத்தில் மிதிக்கக் கூடாது, பக்கவாட்டுப் படலை வாசலால் போய் வரவேண்டும். “விளங்கினதோ?” என்று கேட்டார்.

“யா,” என்றேன்.

எனக்கு விளங்கினவை இரண்டு சொற்கள். ஒன்று பாசி, மற்றது கல். தண்ணீர்க் குழாய் கற்தளத்தின் மறுகரையில் இருந்தது. ஈரச் சப்பாத்தோடு அதன் குறுக்கே நாலைந்து தரம் போய் வந்தேன். பின்னேரம் வீட்டுக்காரர் வந்து பார்த்தபோது, வெள்ளைக் கற்கள் முழுக்க என் காலடிகள் செம்மண் நிறத்தில் வரிசையாகக் கிடந்தன.

நிறுவனத்தின் வான் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குத் திரும்பப் போகும்போது ஷெஃபின் கேட்டார். அவர் பேசியது ஜேர்மன். ஆனால் இத்தனை வருடம் நினைத்து நினைத்து அது எனக்குள் தமிழாகவே மாறிவிட்டது.

“விளங்கினதோ எண்டு கேட்டன். ஓம் எண்டு சொன்னீங்கள். உண்மையில எவ்வளவு விளங்கினது?”

பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒரு சின்ன இடைவெளி காட்டினேன்.

“அப்ப ஏன் ஓம் எண்டனீங்கள்?”

யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போய்விட்டது, அதோடு அனுமதியும் போய்விட்டது என்றே நினைத்தேன்.

பொறியியலாளர் வாசலில் நின்றார். “உங்கட ஆள் செய்த வேலையைப் பாருங்கோ,” என்று தொடங்கினார். ஷெஃபின் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மிதிச்சது அவர். ஆனா அவருக்கு விளங்கினதோ எண்டு பார்க்காமல் தனிய விட்டது நான். பிழை என்ர.” பிறகு இரண்டு பின்னேரம் முழங்காலில் இருந்து அவரும் நானும் அந்தக் கற்களை உரஞ்சினோம். போகாத கற்களை மாற்றிப் போட்டார்.

அன்றிலிருந்து அவர் என்னிடம் ஒருநாளும் “விளங்கினதோ?” என்று கேட்டதில்லை. “இப்ப என்ன செய்யப் போறீங்கள், சொல்லுங்கோ பாப்பம்,” என்று கேட்பார். நான் உடைந்த ஜேர்மனில் சொல்வேன், கையால் காட்டுவேன். பிழையென்றால் திரும்பச் சொல்லுவார். அதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். காலை நேரத்தில் வான் இரைந்துகொண்டு நிற்க அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது, பிறகு நானே ஆட்களுக்குப் பொறுப்பாக நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஏப்ரல் நல்லபடியாகப் போனது. மாதம் முடிகிற கடைசி நாட்களில் செர்னோபில் செய்தி வந்தது.

உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவில்லை. சோவியத் பக்கத்தில் ஒரு அணு உலை வெடித்துவிட்டது, காற்று இந்தப் பக்கம் வீசுகிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். ஒரு நாள், இரண்டு நாள் கழித்து எங்கள் பக்கத்தில் பெருமழை பெய்தது. அந்த மழையோடு அது இறங்கிவிட்டது என்றார்கள். எது இறங்கியது என்று எனக்கு விளங்கவில்லை. பிள்ளைகளை மண்ணில் விளையாட விடவேண்டாம், புல்லில் இருக்கவேண்டாம் என்றார்கள். கடைகளில் பால்மாப் பெட்டிகள் ஒரே நாளில் முடிந்துபோயின. பச்சைக் கீரையைத் தொட ஆளில்லை. வெயில் எறிக்கிற மே மாதத்தில் வீடுகளின் யன்னல்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. தெருவில் ஒரு குழந்தையின் சத்தமும் இல்லை.

மே மாதப் புல் எப்படி வளரும் என்பது உங்களுக்குத் தெரியும். மழையும் வெயிலும் மாறி மாறி வர, அது யாருக்கும் காத்திருக்காமல் வளர்ந்தது. ஷெஃபினின் தொலைபேசி ஓயாமல் அடித்தது. சிலர், வெட்டவேண்டாம், தூசு கிளம்பும் என்றார்கள். சிலர், உடனே வெட்டி அள்ளிக்கொண்டு போங்கள், எங்கள் தோட்டத்தில் அது இருக்கக் கூடாது என்றார்கள்.

பொறியியலாளர் நேரில் வந்தார். வேலைத்தள முற்றத்தில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம்.

“நாளைக்கே வெட்ட வேணும். எனக்குச் சின்னப் பிள்ளை இருக்கு.”

பவேரியத் தொழிலாளி கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, “நான் வெட்டமாட்டன்,” என்றார். அவ்வளவுதான். திரும்பவும் தீட்டத் தொடங்கினார். அவருடைய முகத்தில் வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. யாரும் அவரை ஏன் என்று கேட்கவும் இல்லை.

பொறியியலாளர் என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தார், ஆனால் ஷெஃபினோடுதான் பேசினார். “இவரை அனுப்புங்கோவன். இவையள் வேலை கிடைச்சால் சந்தோசப்படுகிற ஆக்கள்தானே.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்துபோன தகப்பன். அதை இப்போது என்னால் சொல்ல முடிகிறது. அப்போது எனக்கு மனதில் ஓடியது ஒன்றுதான்: இந்த மனிதர் போனால் அந்தத் தெருவே போகும், தெரு போனால் மூன்றாவது ஆளுக்கு இங்கே வேலை இருக்காது, ஜூன் மாதத்தில் அனுமதியைப் புதுப்பிக்கக் கந்தோரில் நிற்கும்போது என் கையில் ஒன்றும் இருக்காது.

“யா,” என்றேன். “நான் வெட்டுறன். எனக்குப் பயமில்லை.”

ஷெஃபின் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு பொறியியலாளரிடம் சொன்னார்: “இந்த நிறுவனத்தில இருந்து ஒருத்தரும் இப்போதைக்கு வெட்டமாட்டினம். விசாரிச்சுப் போட்டுச் சொல்லுறன்.”

“அவர்தானே தான் வெட்டுறன் எண்டு சொல்லுறார்!”

“சொல்லுறார். அவருக்கு வேற என்ன சொல்ல ஏலும்?”

பொறியியலாளர் கோபத்தோடு கார்க் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். அந்தக் கிழமைக்குள் அந்தத் தெருவில் இரண்டு வீடுகள் எங்களை விட்டுப் போயின. வேறொரு நிறுவனத்துக்காரர் வந்து, நல்ல காய்ந்த வெயிலில் இயந்திரத்தால் அந்த இரண்டையும் வெட்டினார்கள்.

எனக்கு ஷெஃபின் மேல் கோபம் வந்தது. அதை மறைக்கப் போவதில்லை. நான் வெட்டுகிறேன் என்று சொல்லியும் என்னை நம்பவில்லை என்று நினைத்தேன். விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை, உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர், இன்னும் எரிச்சலைக் கிளப்பினார்.

“ஆமியின்ர துவக்குக்கே பயப்படாமல் வந்தனாங்கள். புல்லுக்குப் பயமோ? அந்த மனுசிக்குத்தான் பயம், உன்னைச் சாட்டுறா. போய்ச் சொல்லிப்போட்டு வெட்டு. பேர் வாங்கலாம்.”

நானும் ஓம் ஓம் என்றேன். ஆனால் அண்ணைக்கும் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. விடுதியில் யாரோ ஒருவர், அந்த நஞ்சு உடம்பில் ஏறினால் ஆண்களுக்குப் பிள்ளை பிறக்காது என்று சொல்லியிருந்தார். அது உண்மையா பொய்யா என்று கேட்க ஆளில்லை. மனைவியின் கடிதங்கள் தலையணைக்குக் கீழே இருந்தன. அவரை இங்கே எடுப்பிப்பேனா, எங்களுக்கென்று ஒரு குடும்பம் வருமா என்பதே தெரியாத நேரம். ‘எனக்குப் பயமில்லை’ என்று முற்றத்தில் சொன்னேனே, அது பச்சைப் பொய்.

ஷெஃபின் என்ன செய்துகொண்டிருந்தார் என்று சொல்கிறேன். காலையில் எங்களைச் செடிவேலி வெட்டவும் இயந்திரங்களைத் திருத்தவும் விட்டுவிட்டு, தொலைபேசியோடு இருப்பார். சுகாதாரக் கந்தோர், விவசாயக் கந்தோர், கார்ஹிங் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிற ஒரு வாடிக்கையாளர், எல்லோரையும் கேட்டார். ஒரு கொப்பியில் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதினார். பின்னேரங்களில் எங்களைக் கூப்பிட்டு அதை வாசித்துக் காட்டுவார். ஆளுக்கொரு கதை. ஒருநாள் கொப்பியை மூடிவிட்டுச் சொன்னார்: “எனக்கு இன்னும் தெரியேல்லை. தெரியாது எண்டுதான் எல்லாருக்கும் சொல்லப் போறன்.”

வாடிக்கையாளரிடம் தொழில் தெரிந்தவர் “தெரியாது” என்று சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். அதுவும், பெண் நடத்துகிற நிறுவனம் எத்தனை நாளுக்கு என்று ஊர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில். அவர் அதைத் தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும், குரல் தாழாமல் சொன்னார்.

இரண்டு கிழமை போனபின் பொறியியலாளரின் மனைவி தனியே வேலைத்தளத்துக்கு வந்தார். குழந்தை இடுப்பில் இருந்தது. வெளுத்துப்போயிருந்தது. அந்தப் பெண் சண்டைக்கு வரவில்லை.

“இவள் நாள் முழுக்க யன்னலடியில நிண்டு அழுகிறாள். புல் முழங்காலளவு வந்திட்டுது. அவர் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக் கத்துறார். வேற ஆக்களைக் கூப்பிட நான் விடேல்லை, பக்கத்து வீட்டில அவையள் வெட்டத் தூசு கிளம்பினதைக் கண்டனான். நாங்கள் என்ன செய்யிறது? உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்கோ.”

ஷெஃபின் அவருக்குக் கதிரை போட்டார். கொப்பியைத் திறந்து அவரோடு பக்கம் பக்கமாகப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: “வெட்டுவம். மழைத் தூறலில வெட்டுவம், தூசு எழும்பாது. மெஷின் வேண்டாம், அது ஊதித் தள்ளும். நீளப்பிடி அரிவாளால அரிஞ்சு, ஈரத்தோட வாரி, பையில கட்டுவம். எங்க கொண்டுபோய்க் கொட்டலாம் எண்டு கேட்டு வைச்சிருக்கிறன். இது சரியெண்டு எனக்கு நிச்சயமில்லை. ஆனா இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியேல்லை.”

அந்தப் பெண் அழுதுவிட்டார். இரண்டு கிழமையில் தனக்கு யாரும் இப்படி நேராகப் பதில் சொல்லவில்லை என்றார்.

அவர் போனதும் நான் ஷெஃபின் முன்னால் போய் நின்றேன். “நான் அரிவன். எனக்கு அரிவாள் பிடிக்கத் தெரியும்,” என்றேன். அது கூடப் பொய். ஊர் அரிவாள் வேறு, இது வேறு.

அவர் கொப்பியை மூடினார். “நாளைக்குக் காலமை உங்கட கடதாசி எல்லாத்தையும் கொண்டு வாங்கோ,” என்றார்.

மறுநாள் அவர் என்னை வானில் ஏற்றிக்கொண்டு வேலை அனுமதிக் கந்தோருக்குப் போனார். ஜூனில் எனக்குக் குறித்திருந்த தேர்மீனை, அந்தச் சந்திப்பு நேரத்தை, எப்படியோ முன்னுக்கு எடுத்திருந்தார். அங்கே ஒரு கடிதத்தைக் கொடுத்தார். இந்த மனிதருக்கு என்னிடம் ஒரு வருட வேலை ஒப்பந்தம் இருக்கிறது, இன்ன வேலை செய்கிறார், இவர் எனக்கு வேண்டும் என்று அதில் இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் பலதும் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஷெஃபின் பதில் சொன்னார். கடைசியில் முத்திரை விழுந்தது. ஒரு வருடம். ஒப்பந்தத்தின் ஒரு பிரதியை என் கையில் தந்து, “இது உங்கட. நான் நினைச்சாலும் இனி இதைக் கிழிக்க ஏலாது,” என்றார்.

திரும்பி வரும் வழியில் பொறியியலாளர் வீட்டுக்கு முன்னால் வானை நிறுத்தினார். வேலி இடைவெளியால் புல் தெரிந்தது. கதிர் கட்டத் தொடங்கியிருந்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இப்ப கேக்கிறன். நாளைக்குத் தூறல் இருக்குமெண்டு சொல்லியிருக்கினம். நாளைக்கு அரியப் போறன். நீங்கள் வாறீங்களோ? வந்தாலும் உங்களுக்கு ஒரு வருட வேலை இருக்கு. வராட்டிலும் ஒரு வருட வேலை இருக்கு.”

கடதாசி மடியில் இருந்தது. முத்திரையின் மை இன்னும் காயவில்லை. நான் அதைப் பார்த்தேன். அந்தப் புல்லைப் பார்த்தேன். இரண்டு கிழமையாக என்னை அரித்துக்கொண்டிருந்த பயம், இனி ஒளிக்கத் தேவையில்லை என்று கண்டதும், வாய்க்கு வந்தது.

“நைன்,” என்றேன்.

இல்லை. ஜேர்மனிக்கு வந்து இரண்டரை வருடத்தில் இந்த நாட்டவர் ஒருவரின் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் இல்லை அது. சொன்னவுடனே கண்ணீர் வந்துவிட்டது. மன்னியுங்கோ, பயமாயிருக்கு, எனக்குப் பிள்ளையள் வேணும் என்று இலக்கணம் இல்லாத ஜேர்மனில் ஏதேதோ சொன்னேன்.

ஷெஃபின் தலையை அசைத்தார். “நல்லது,” என்றார். “நாளைக்கு நீங்கள் தளத்தில நிண்டு கத்தியள் தீட்டுங்கோ.” வானைக் கிளப்பினார். கொஞ்சத் தூரம் போனபிறகு, வீதியைப் பார்த்தபடியே சொன்னார்: “இல்லை எண்டு சொல்லத் தெரிஞ்ச ஆள் ஓம் எண்டால்தான் எனக்கு அந்த ஓமை வைச்சு வேலை செய்யலாம்.”

மறுநாள் தூறியது. அவர் மழைக்கோட்டும் நீளச் சப்பாத்தும் போட்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு தனியாகப் போனார். பொறியியலாளர் வாசலில் நின்றாராம். ஷெஃபின் இரண்டாவது சோடிக் கையுறையை அவரிடம் நீட்டி, “அரியிறது நான். வாருறது நீங்கள்,” என்றாராம். அவர் வாங்கிப் போட்டுக்கொண்டு, மதியம் வரைக்கும் விறாண்டியால் ஈரப் புல்லை வாரிப் பையில் அடைத்தாராம். யன்னலுக்கு உள்ளேயிருந்து மனைவியும் பிள்ளையும் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். இதெல்லாம் அந்த மனைவி பிறகொரு நாள் எனக்குச் சொன்னது. ஷெஃபின் சொல்லவில்லை.

மதியத்துக்குப் பிறகு அவர் தளத்துக்கு வந்தார். வெளி மூலையில் நின்று, சப்பாத்தையும் கோட்டையும் தானே தண்ணீர் பீச்சிக் கழுவினார். நான் உதவிக்குக் கிட்டப் போனபோது கையை உயர்த்தி நிறுத்தினார். கழுவி முடித்து உள்ளே வந்து, கதிரையில் இருந்து, “கத்தியள் முடிஞ்சுதோ?” என்று கேட்டார்.

“ரெண்டு முடிஞ்சுது. மூண்டாவதில வெடிப்பு இருக்கு. அதை என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை.”

களைத்துப்போயிருந்த முகத்தில் சிரிப்பு வந்தது. பவேரியத் தொழிலாளியைப் பார்த்து, “கேட்டீங்களோ?” என்றார். அவர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

அந்த நாளைப் பற்றி எனக்குள் இன்னும் ஒரு குறுகுறுப்பு இருக்கிறது. அவரைத் தனியே போகவிட்டேனே என்று. பின்னாளில் சிலர், ஈரத்தில் ஒரு தரம் புல் அரிவது அவ்வளவு ஆபத்தில்லை என்றார்கள். வேறு சிலர் அப்படிச் சொல்ல முடியாது என்றார்கள். எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் தனக்கு நிச்சயமில்லாத ஒரு வேலைக்கு, இல்லை என்று சொல்ல வழியில்லாத ஒருவனை அவர் அனுப்பவில்லை. முதலில் எனக்கு அந்த வழியைத் திறந்துவிட்டார். பிறகுதான் கேட்டார். என் வாழ்க்கையில் பல முதலாளிகளைப் பார்த்தேன். படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள். அந்த இரண்டையும் அந்த வரிசையில் செய்த இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

ஆகவே, தங்கச்சி, உன்னுடைய கேள்விக்கு வருகிறேன். அந்தப் புது ஆள் பொய் சொல்லவில்லை. அவருடைய யா, உன்னைச் சமாதானப்படுத்துவதற்கு. அவருடைய கடதாசி எப்போது முடிகிறது என்று உனக்குத் தெரியுமா? இல்லை என்று சொன்னால் அவருக்கு என்ன நடக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டுப் பார்த்தாயா? அதைக் கண்டுபிடி. காலையில் அந்த ஐந்து நிமிடத்தைக் கொடு. மற்றது தானாக வரும். உடனே வராது, எனக்கும் மாதக்கணக்கில் பிடித்தது.

அந்த வருடம் ஒக்டோபர் கடைசியில் வேறோர் ஊரில் புதிதாகக் கட்டிய வீடொன்றுக்குப் புல் விதைக்கப் போனோம். வீட்டுக்காரர் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். குளிர் தொடங்குமுன் விதைத்துவிட வேண்டுமென்று அவருக்கு ஆசை. ஷெஃபினும் ஓமென்றுவிட்டார். மண் சமன் செய்து, உருளை போட்டு, எல்லாம் ஆயத்தம். விதை மூட்டைகளை நான்தான் வானிலிருந்து இறக்கினேன்.

விதைக்க முதல், வழக்கம்போல மண்ணுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். விரல் விறைத்தது. இந்தக் குளிரில் விதை முளைக்காது. முளைத்தாலும் உறைபனி வந்து பிஞ்சிலேயே தூக்கி எறிந்துவிடும். வசந்தகாலத்தில் வெறும் மண்தான் இருக்கும். எழுந்து போனேன்.

“ஷெஃபின், இண்டைக்கு விதைக்கக் கூடாது.”

“எல்லாம் ஆயத்தமாக் கிடக்கு. அவர் வீட்டில நிக்கிறார்.”

“ஓம். ஆனா ஏலாது. மண் செத்துப்போச்சு. ஏப்ரலுக்கு விடுவம்.”

வீட்டுக்காரர் படியில் நின்று என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஷெஃபின் கையுறையைக் கழற்றினார். குந்தியிருந்து, மணிக்கட்டு வரைக்கும் மண்ணுக்குள் கையை விட்டார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு, வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னார்:

“இவர் சொல்லுறது சரி. ஏப்ரலில வாறம்.”

நாங்கள் இருவருமாக விதை மூட்டைகளைத் திரும்ப வானில் ஏற்றினோம்.